தண்ணீர் கொதிக்கும் முன்

அப்பாவின் தலையில் புறங்கையால் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது தனுஜாவின் இடுப்பில் கைபேசி அதிர்ந்தது. சேலை மடிப்புக்குள் செருகி வைத்திருந்தாள். ஒரு தரம் அதிர்ந்து அடங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அது விடாமல் அதிர்ந்தது.

"அத மேல வீட்டுலயே வச்சிட்டு வரக்கூடாதா?" என்று பல்லைக் கடித்தான் கிஷன். அவளுடைய அண்ணன், சிங்கப்பூரிலிருந்து நேற்று வந்து இறங்கியவன். கட்டிப் பழகாத வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் சீயக்காய்க் கிண்ணத்தோடு நின்றான். "அப்பாவக் குளிப்பாட்டுறோம் தனு."

"தெரியும்ணே. ஒரு நிமிஷம்."

தார்ப்பாய் மறைப்பைத் தாண்டித் தூணருகே போய்ப் பார்த்தாள். ஆய்வுக்கூடத்துத் தோழி ஃபாத்தின் மலாயில் அனுப்பியிருந்தாள். நேற்று நீ விட்டுப்போன பொடியைச் சூடாக்கத் தொடங்கிவிட்டேன். இப்போது முப்பது டிகிரி. எடுப்பதற்கு முன் அங்கிளுக்குத் தெரிய வேண்டும்.

தனுஜாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்பா செத்துக் கிடக்கும்போது இப்படி ஒரு படபடப்பு வரலாமா என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததே தவிர, படபடப்பு குறையவில்லை.

சுங்கை பினாங்கின் அந்த அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் சவப்பெட்டி நுழையாது. ஆகவே எந்த மாடிக்காரர் போனாலும் கடைசி மரியாதை கீழ்த்தளத்துக் கூடத்தில்தான், மோட்டார் சைக்கிள்களை ஓரங்கட்டிவிட்டு. அப்பா தயாளன் உயிரோடிருந்தபோது இதைச் சொல்லிச் சிரிப்பார். ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம், செத்தாலாவது தரையில் கிடக்கலாம் என்பார். நேற்று காலை ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. இப்போது தரையில்தான் கிடந்தார், பலகை மேல், தலை முழுக்க எண்ணெய் மின்ன.

அவர் ஒரு பேரங்காடியின் நிலத்தடிக் கார் நிறுத்தத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டு வாங்கும் வேலையில் இருந்தவர். சினிமா விட்டதும் நூறு கார்களும் ஒரே நேரத்தில் கிளம்பும். குளிர்ந்து கிடந்த எஞ்சினிலிருந்து வரும் முதல் புகை எல்லாம் அவர் கூண்டைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். தலைவலியோடு வீடு வந்து சேர்வார். அதனால்தானோ என்னவோ, தனுஜா பல்கலைக்கழகத்தில் கார்பன் மோனாக்சைடு பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றபோது, கல்யாணம் நிச்சயமான மாதிரி துள்ளிக் குதித்தார்.

"அந்தப் புகைய நீ என்னா செய்யப்போறே?"

"நச்சுப் புகைய நச்சில்லாததா மாத்துறதுப்பா. காடியோட புகைக்குழாயில ஏற்கெனவே ஒரு டப்பா இருக்கு, அதுல பிளாட்டினம் மாதிரி வெலகூடின உலோகம். ஆனா அது நல்லா சூடானாத்தான் வேல செய்யும். கிளம்புறப்ப வர்ற புகைய அது ஒண்ணும் செய்யாது. நான் செம்புல செய்யப்போறேன். செம்பு ஆக்சைடு. மலிவு. அது சூடாகுறதுக்கு முன்னாடியே வேல செய்யணும்."

"எவ்ளோ முன்னாடி?"

"நூறு டிகிரிக்குக் கீழ வந்தாலே பெரிய விஷயம்."

அவர் யோசித்தார். "அப்படின்னா தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னாடி."

"அவ்வளவுதான்பா."

அன்றிலிருந்து அது அவர் பந்தயமாகிவிட்டது. குழாய்க்குள் கறுப்புப் பொடியை வைத்து, புகையையும் ஆக்சிஜனையும் கலந்து அனுப்பி, மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள். உள்ளே போகும் புகையில் சரிபாதி எந்த டிகிரியில் மாறுகிறதோ, அதுதான் அந்தப் பொடியின் எண். அப்பாவுக்கு அந்த ஒரு எண் போதும். சாயங்காலம் தனுஜா கதவைத் திறக்குமுன்பே "எத்தனை?" என்பார். அதை எடுத்துக்கொண்டு நேரே கீழே காப்பிக்கடைக்குப் போவார். அங்கே ஆரோக்கியநாதன் தலைமையில் ஒரு கூட்டமே அந்த எண்ணுக்காகக் காத்திருக்கும். ஏறும், இறங்கும் என்று பந்தயம். தோற்றவர் எல்லாருக்கும் தேத்தண்ணீர் வாங்கித் தர வேண்டும். நூற்று அறுபதில் தொடங்கி, நூற்று நாற்பதுக்கு வந்து, நூற்றுப் பதினெட்டில் வந்து மாட்டிக்கொண்டது. மாதக் கணக்கில் அங்கேயே நின்றது. "உன் மக பதினெட்டாம் படியிலயே நின்னு கும்புட்டுக்கிட்டு இருக்கா லா" என்று கேலி செய்தார்கள். அப்பா அசரவில்லை. ரெண்டு இலக்கம் வரும், பொறுங்க என்பார்.

அம்மாவுக்குத்தான் பிடிக்காது. அப்பனும் மகளும் டிகிரி டிகிரின்னு பேசிக்கிட்டே சோத்த ஆறப்போடுறீங்க என்பாள்.

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் அவர் அதையேதான் கேட்டார். முந்தாநாள் மாலை கிளம்பும்போது தனுஜா சொன்னாள்: "நாளைக்குப் புதுப் பொடிப்பா. ரெண்டு இலக்கம் வரும்னு தோணுது." அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கையை ஆட்டினார். "வந்து சொல்லு. போன்ல வேணாம். நேர்ல வந்து காதுல சொல்லு. அந்த ஆரோக்கியத்துக்கு எனக்கு முன்னாடி தெரியக்கூடாது."

மறுநாள் காலை குழாயில் பொடியைப் போட்டு, புகை வரும் வால்வைத் திறந்து, சூடேற்றும் பொத்தானை அழுத்திய கையோடு அம்மாவின் அழைப்பு வந்துவிட்டது. தனுஜா போட்டது போட்டபடி ஓடினாள். சொல்ல வேண்டியது இன்னும் அவளிடமே இருந்தது. அது என்ன எண் என்று அவளுக்கே தெரியாது.

குளிப்பாட்டி முடித்துச் சட்டை மாட்டினார்கள். கார் நிறுத்த வேலைக்குப் போடும் நீலச் சட்டையைத்தான் அம்மா எடுத்துக் கொடுத்திருந்தாள். பெரியப்பா கார்த்திகேசு, அது என்ன சட்டை, ஒரு ஜிப்பா கிடைக்கலையா என்று முணுமுணுத்தார். காரியம் என்று வந்துவிட்டால் அவருக்கு நிற்க நேரமிருக்காது. "மூணு மணிக்கு மின்சுடலையில நம்ம நேரம். விட்டா நாளைக்குத்தான். சீக்கிரம் லா, சீக்கிரம்!"

பெட்டிக்குள் படுக்க வைத்ததும் பெண்கள் தேவாரம் பாட ஆரம்பித்தார்கள். கைபேசி அதிர்ந்தது. நாற்பது டிகிரி, நான்கு சதவீதம்.

தனுஜா இரண்டாம் முறை பார்த்தாள். பழைய பொடிகள் நாற்பதில் தூங்கிக்கொண்டிருக்கும். பூஜ்யம் என்றால் சுத்தமான பூஜ்யம்.

பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. ஆரோக்கியநாதன். லிஃப்டில் குனிந்துதான் ஏறுவார், அவ்வளவு உயரம்; தோளும் கதவு அகலம். கையில் ஜெபமாலை. கண் சிவந்திருந்தது. பெட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டவர், தனுஜாவின் காதருகே குனிந்தார்.

"ஓடுதாமா?"

"ஓடுது அங்கிள்."

"எத்தனை?"

"இன்னும் பாதி வரல."

அவர் தலையாட்டிவிட்டு கூடத்தின் ஓரத்தில் போட்டிருந்த நாற்காலிகளுக்குப் போனார். அங்கே காப்பிக்கடைக் கூட்டம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குச் செய்தி போவதை அவள் இங்கிருந்தே பார்த்தாள். துக்க வீட்டில் உட்கார வேண்டிய மாதிரியேதான் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் நாற்காலியின் நுனியில்.

கிஷன் பார்த்துவிட்டான். "என்னா நடக்குது இங்க? அப்பா சாவு, நீங்க எல்லாம் ஃபுட்பால் ஸ்கோர் பாக்குறீங்களா?"

"இல்லண்ணே, அப்பாதான்…"

"அப்பா பேரச் சொல்லாத."

அவன் குரல் உடைந்தது. தனுஜா கைபேசியை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள்.

ஐம்பது டிகிரி, பதினைந்து சதவீதம். கூடவே ஒரு படம் வந்தது. கண்ணாடிக் குழாய், நடுவில் பொடி. தனுஜா விரலால் பெரிதாக்கினாள். பொடி கறுப்பாக இல்லை. செங்கல் நிறத்தில் இருந்தது.

முதலில் பயந்தாள். ஃபாத்தின் வேறு பொடியைப் போட்டுவிட்டாளா? தூணுக்குப் பின்னால் போய் ஃபாத்தினை அழைத்தாள்.

"கோபப்படாதே," என்றாள் ஃபாத்தின், ஆங்கிலமும் மலாயும் கலந்து, மூச்சு விடாமல். "நேற்று நீ ஓடினாயே, அப்போது ஆக்சிஜன் வால்வைத் திறக்கவே இல்லை. நானும் கவனிக்கவில்லை. வெறும் புகையிலேயே அது முழுக்கச் சூடாகிவிட்டது. பார்த்ததும் எல்லாவற்றையும் அணைத்தேன். பொடி கெட்டுப்போச்சு, கொட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பொடியில் வேறு மிச்சமில்லை. அங்கிளுக்காக எதையாவது ஓட்டித்தான் பார்ப்போமே என்று இன்றைக்கு ஆக்சிஜனைத் திறந்தேன். தனு, இது நிற்காமல் ஏறுகிறது!"

தனுஜா தூணில் சாய்ந்தாள். அந்தப் பக்கம் யாரோ ஓங்கி அழுதார்கள். இந்தப் பக்கம் அவள் மண்டைக்குள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. ஆக்சிஜன் இல்லாமல் போனதும் புகை செம்பு ஆக்சைடிலிருந்தே ஆக்சிஜனை உருவிக்கொண்டிருக்கிறது. கறுப்பு சிவப்பாகியிருக்கிறது. பாதி பறிகொடுத்த செம்பு. இப்போது ஆக்சிஜனைக் காட்டியதும் பசியோடு வாங்குகிறது, வாங்கியதைப் புகைக்குக் கொடுக்கிறது, மறுபடி வாங்குகிறது. இத்தனை மாதமும் ஆக்சிஜனைப் போட்டுப் போட்டு அதன் வயிற்றை நிரப்பியல்லவா ஓட்டினோம்! அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று கால் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டது. அப்புறம்தான் அவர் எங்கே இருக்கிறார் என்று நினைவு வந்தது.

நேற்று அவள் நிதானமாக வால்வைத் திறந்துவிட்டு வந்திருந்தால் இது நூற்றுப் பதினெட்டாகத்தான் இருந்திருக்கும். அப்பா செத்தார் என்று ஓடியதால் வந்தது. இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை இப்போதுதான் வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது. மேல்மாடி சல்மா அக்கா வந்து முதுகைத் தடவி, "அழுதுரு மா, அழுதுரு" என்றாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"வாய்க்கரிசி போடுறவங்க எல்லாம் வாங்க!" பெரியப்பா கூவினார். "வரிசையா, வரிசையா."

தனுஜா பேத்திகள் வரிசையில் நின்ற சின்னப் பெண்களையெல்லாம் முன்னால் விட்டாள். யாரோ ஒரு பாட்டியை அழைத்து வந்து முன்னால் நிறுத்தினாள். கடைசி ஆளாகப் போனால் இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். அரிசி கை வியர்வையில் பிசுபிசுத்தது. அறுபது டிகிரி, முப்பத்தெட்டு சதவீதம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்தான். அவள் முறை வந்துவிட்டது. அப்பாவின் உதட்டில் அரிசியை வைத்தாள். குனிந்தபடியே நின்றாள். காது பக்கத்தில் இருந்தது. சொல்ல எண் இல்லை.

"போதும் மா, நகரு," என்றார் பெரியப்பா, அன்பாகத்தான்.

மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். அம்மாவைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். கால் பக்கம் ஒரு திருகாணி இறங்கியது. இன்னொன்று. காப்பிக்கடைக் கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. எல்லாரும் பெட்டியைப் பார்க்காமல் தனுஜாவைப் பார்த்தார்கள்.

கைபேசி அதிர்ந்தது. அவள் பார்த்தாள். அவளை அறியாமல் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கலா கூச்சலா என்று சொல்ல முடியாத சத்தம்.

"நிறுத்துங்க."

சொன்னது அம்மா. நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். பிடித்திருந்த கைகளை உதறிவிட்டு முன்னால் வந்தாள்.

"மூடியத் தெறங்க."

பெரியப்பா பதறினார். "மூடுன பெட்டியத் தெறக்கக்கூடாது மா. ஆகாது."

"ஆகாட்டி எனக்கு ஆகாம போகட்டும். இதுக்கு மேல எனக்கு என்னா ஆகணும்? தெறங்க."

"நேரமாச்சு மா…"

"அவருக்கு ஒரு டிகிரி பாக்கி இருக்கு," என்றாள் அம்மா.

பெரியப்பாவுக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு எதிராக நிற்க முடியவில்லை. திருகாணிகள் மறுபடி மேலே வந்தன. மூடி நகர்ந்தது. அம்மா தனுஜாவின் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டியருகே நிறுத்தினாள். "சொல்லு. நேர்ல சொல்லச் சொன்னாரில்ல."

தனுஜா குனிந்தாள். சீயக்காய் வாசனை அடித்தது. காதின் மடலில் எண்ணெய் இன்னும் இருந்தது.

"அறுபத்தி நாலுப்பா," என்றாள். "தண்ணி கொதிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி."

ரகசியமாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் அவளுக்கு அடங்கவில்லை. பின்னால் ஆரோக்கியநாதன், "அறுபத்தி நாலு!" என்றார், கோல் விழுந்த மாதிரி. அந்த எண் நாற்காலி வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போனது. ஒருவர் கையைத் தட்டப்போய்ப் பாதியில் கும்பிட்டுக்கொண்டார். கிஷன் மட்டும் அப்படியே நின்றான். அவன் முகம் என்னவோ போல ஆகிவிட்டது.

வழக்கமாகப் பெண்களை வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அம்மா, "நீ போ" என்று ஒரே வார்த்தையில் தனுஜாவை அனுப்பி வைத்தாள். கிஷன் காரை ஓட்டினான். சுடலைக்குப் போகும் பத்து லஞ்சாங் சாலையில் நெரிசல். முன்னால் வண்டி, வண்டிக்குப் பின்னால் இவர்கள், இவர்களுக்குப் பின்னால் காப்பிக்கடைக் கூட்டம் நெருக்கியடித்து ஏறிய வேன். வேனிலிருந்து பேச்சுச் சத்தம் இங்கு வரைக்கும் கேட்டது. பெரிய சண்டை போல. யார் எல்லாருக்கும் தேத்தண்ணீர் வாங்கித் தர வேண்டும் என்றுதான் இருக்கும்.

"அது உன்னோட நம்பரா?" என்றான் கிஷன்.

"எது?"

"நூத்தி அறுபது. நூத்தி நாப்பது. நூத்திப் பதினெட்டு."

"ஆமாண்ணே. அப்பா உன்கிட்ட சொல்லலையா?"

"சொல்வாரு. ஒவ்வொரு வாரமும் போன்ல சொல்வாரு. நூத்தி அறுபதா இருந்துச்சு, இப்ப நூத்திப் பதினெட்டுக்கு எறங்கிருச்சு, எப்படி பாத்தியான்னு." அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிரஷர்னு நெனச்சேன் தனு. ஒடம்பு நல்லா வருதுன்னு நெனச்சேன். சரி, தீபாவளிக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. கிஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திடீரென்று சிரித்தான். "நானும் 'ரொம்ப நல்லதுப்பா, அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க'ன்னு சொல்லிட்டேன். அவருக்கு எவ்ளோ கோவம் தெரியுமா. 'மெயின்டெயினா? இன்னும் எறங்கணும்டா'ன்னு கத்துனாரு."

அவளும் சிரித்துவிட்டாள். பின்னால் வந்த கார் ஹார்ன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையானதைக் கவனித்தார்கள்.

மின்சுடலையில் எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. கிஷன் கற்பூரம் வைத்தான். பெட்டி தண்டவாளத்தில் நகர்ந்து உள்ளே போனது. இரும்புக் கதவு இறங்கியது. ஊழியர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கும்பிட்டுவிட்டு வெளியேறினார்கள்.

தனுஜா நின்றாள். கைபேசியில் ஃபாத்தின் கடைசியாக அனுப்பியிருந்தாள். புகையை மூடிவிட்டேன். குழாய் ஆறிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி கண்ணில் பட்டது. ஆய்வுக்கூடத்தில் இருப்பது போலவே சிறிய கண்ணாடித் திரை. உள்ளே சிவப்பு எழுத்துகள் எரிந்தன. கடைசி எழுத்து டிகிரிக்கான சி. முன்னால் இருந்த எண், கதவுக்குள் இருக்கும் சூடு, மாறிக்கொண்டிருந்தது. வருஷக் கணக்கான பழக்கம், அவள் கண் தானாக அங்கே போய் ஒட்டிக்கொண்டது. அது ஏறிக்கொண்டிருந்தது.

வெளியே போய்க்கொண்டிருந்த ஆரோக்கியநாதன் திரும்பிப் பார்த்தார். அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தார். பிறகு மெல்ல நடந்து வந்து, அவளுக்கும் சுவருக்கும் நடுவில், அந்தத் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஜெபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார்.

அவர் முதுகு அகலமானது. அவரைத் தாண்டி எதுவும் தெரியவில்லை.